ஜரிகை இல்லாத புடவை மின்னியது

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் இருபத்தாறு வருஷம் புடவை விரித்துக் காட்டியவன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைக்கு வருபவர்களிடம் மட்டும் வராது. ஓர் ஆடித் தள்ளுபடியில், தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குப் பச்சைப் புடவையை விரித்து, "உடம்பு பூரா ஜரிகை எப்படி மின்னுது பாருங்க" என்றேன்.

"இதுல ஜரிகையே இல்லியேங்க" என்றார் அந்த அம்மா.

எனக்கு மின்னியது. புடவையை மடித்து வைத்த பிறகும் மின்னியது. வெள்ளைச் சுவரில், சோற்றில், கண்ணை மூடினால் இமைக்குள்ளும். சில நாளில் எதிரில் நிற்பவரின் மூக்கு மட்டும் தெரியும். அதைச் சுற்றி முகம் இருக்காது. பயந்து செத்தேன். மின்னுவதை விலக்க, கொசு விரட்டுவது போல முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். மனைவி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி கமறியது. "அப்ப இது திருஷ்டி இல்லீங்க, வேற என்னவோ" என்றாள்.

வேலூரில் கண் டாக்டர் சோதித்துவிட்டு, நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். "கண்ணைக் காட்ட வந்தவனுக்கு நெஞ்சுல இன்னாத்துக்குங்க படம்?" என்று எகிறினேன். படத்தில் நுரையீரலில் கட்டி இருந்தது. புற்றுநோய். அதுவரை எனக்கு ஒரு இருமல்கூட இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை என் கண் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

"கட்டியை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்பியிருக்கு. அது கண்ணையும் கட்டின்னு நெனச்சு அடிக்குது" என்றார் டாக்டர்.

"அப்ப கட்டியையும் அடிச்சிகினுதானே இருக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

"சில பேருக்கு அதனாலயே நோய் அடங்கியிருக்கலாம்னு சொல்றாங்க. இவருக்கு எப்படின்னு உறுதியா சொல்ல முடியாதும்மா."

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். பார்வை முழுக்கப் போனது. நான் இருக்கிறேன். தினமும் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பாள்: "இன்னிக்கு மின்னுதாங்க?" மின்னினால் உள்ளே அந்தப் படை தூங்கவில்லை என்பது அவள் நம்பிக்கை. சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். போகப்போக நானும் நம்பிவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் மின்னுவது நின்றுவிட்டது. விழித்தேன், வெறும் இருட்டு. என் கண்ணைத் தின்ற சனியன் திரும்பி வராதா என்று ஏங்கினேன். அழுகை வந்தது. காபியோடு வந்தவளிடம் "மின்னுது" என்றேன். அதற்குப் பிறகு தினமும் அதையே சொன்னேன்.

நேற்று அடுத்த ஸ்கேனுக்கு நாள் கொடுத்தார்கள். இன்று காலை காபியைக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாடி, கேக்க மாட்டியா?"

"இன்னாத்த கேக்கறது? நீங்க கைய ஆட்டறத நிறுத்தி நாலு மாசம் ஆவுது."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள். டம்ளர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பரவால்ல, சொல்லுங்க. கேட்டாதான் எனக்கு வேலை ஓடும்."

"மின்னுதுடி" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன்.