கடல் இடப்பக்கம் இருந்தது

என் மனைவி பஸ் ஓட்டியவள். சிட்னியின் மேற்குப் பகுதியில் பல வருஷம் ஓட்டினாள். ஓய்வு பெற்றதும் பென்டில் ஹில்லில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, படுக்கை, குசினி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினோம். யோசனை அவளுடையது.

"இவ்வளவு காலமும் ஒரே ரோட்டிலை போய்த் திரும்பினது காணும். இனி திரும்பாமல் போவம்," என்றாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தடுக்க ஆளுமில்லை.

ஓட்டுவது அவள், மற்றதெல்லாம் நான். தண்ணீர்த் தாங்கியை நிரப்புவேன், கழிவறைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவுவேன், புட்டு அவிப்பேன். உள்ளே மீன் பொரித்தால் தலையணைகூட மணக்கும். அதனால் அதை மட்டும் வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்வேன். கோபம் வந்தால்தான் கஷ்டம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் இருக்க அந்த வண்டியில் இன்னொரு அறை கிடையாது. யாராவது ஒருவர் மடிக்கிற கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஜன்னலைத் திறந்து, "தேத்தண்ணி ஆறுது," என்பாள். அதோடு சண்டை முடிந்துவிடும்.

மெல்பேர்னுக்கு வந்த பயணத்தில், பெட்ரோல் அடித்துவிட்டு வெளியே எடுக்கும்போது வண்டியின் இடப்பக்கம் ஒரு கம்பத்தில் உரசியது. பஸ்ஸில்கூட ஒரு கீறல் விழ விடாதவள் அவள். இறங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பம் இதிலை நிக்கேல்லை," என்றாள். நான் சிரித்தேன்.

அடுத்த நாள் சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, "முட்டை வைக்கேல்லையோ?" என்று கேட்டாள். முட்டை கோப்பையின் இடப்பக்கம் இருந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணில் பிழை இல்லை, மூளையில் கட்டி என்றார்கள். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடுகிறது, கட்டியை முழுதாக எடுக்கவும் முடியாது என்று டொக்டர் மெதுவாக விளக்கினார். அவள் கேட்டது ஒரே கேள்வி: இனி வண்டி ஓட்டலாமா? கூடாது என்றார். அதற்குத்தான் அழுதாள். கட்டிக்கு அழவில்லை.

மெல்பேர்னுக்குப் பக்கத்தில், வெரிபீயில் அவளுடைய தங்கை இருக்கிறாள். ஓர் ஆளைப் பிடித்து வண்டியை ஓட்டுவித்து, அந்த வீட்டு வாசலில், கார் விடுகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு சிகிச்சைக்குப் போய் வந்தோம். தங்கை உள்ளே ஓர் அறையை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுத் தினமும் வந்து நிற்பாள்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்லையடி. எனக்கு என்ரை வீடு இருக்கு."

வண்டிக்குள் எல்லாவற்றையும் அவளுக்கு வலப்பக்கமாக மாற்றினேன். மருந்து, தண்ணீர், போன். படுக்கையில் நானும் மாறிப் படுத்தேன். பழைய பக்கத்தில் படுத்தால் அவளுக்கு நான் இல்லை.

ஒருநாள் காலை, "கடல் பாக்கவேணும்," என்றாள். தங்கை கார்ச் சாவியை எடுத்தாள். "காரிலை இல்லை, இதிலை."

நான் கார் ஓட்டுவேன். அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அவளே சாவியை என் கையில் வைத்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "மெல்ல. கண்ணாடியைப் பாருங்கோ. மூலையிலை அகலமாத் திருப்புங்கோ," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய அதிகாரம் இருந்தது.

கரையோர ரோட்டுக்கு வந்ததும், "அங்கை பாரும், கடல்," என்றேன்.

"எங்கை?"

கடல் இடப்பக்கம் இருந்தது. அவளுடைய ஜன்னலுக்கு நேரே, கையை நீட்டினால் நனையும் போல. அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரேல்லையோ?"

திரும்பிப் பார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தனக்கு எவ்வளவு போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "கொஞ்சம் பொறும், வருது," என்றேன். அகலமான ஓர் இடம் பார்த்து வண்டியைத் திருப்பி, வந்த வழியே விட்டேன். கடல் இப்போது என் பக்கம். அவளுக்கு மறைக்காமல் இருக்க முதுகை இருக்கையோடு ஒட்டிக்கொண்டு, மெல்ல, மெல்ல ஓட்டினேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

"ஆ... எவ்வளவு பெரிசு," என்றாள். கனநேரம் பார்த்தாள். பிறகு, "ஏன் அழுறியள்? ரோட்டைப் பாருங்கோ," என்றாள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், ஆஸ்பத்திரியில், போய்விட்டாள்.

கொஞ்ச காலம் தனியாக வண்டியிலேயே இருந்து பார்த்தேன். முடியவில்லை. விற்றுவிட்டேன். இப்போது தங்கை ஒழுங்குபடுத்திய அந்த அறையில் இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வண்டிக்குள் மழை என்றால் கூரையில் கல்லைக் கொட்டுவது போலிருக்கும். பேசினால் கேட்காது. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடப்போம். இந்த வீட்டில், மழை பெய்திருக்கிறது என்பதே விடிந்து வெளியே வந்து ஈரத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது.