காதில் பிந்தி வந்த குரல்

போன வாரம் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக மடிக்கணினியில் ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றைத் திறந்தேன். எந்த மைக்கில் பதிவது, எந்த ஸ்பீக்கரில் கேட்பது என்று அது கேட்டதற்கெல்லாம் எதையோ அமுக்கிவைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு "ஹலோ" என்றால், சற்றுப் பிந்தி இன்னொருவன் காதுக்குள் "ஹலோ" என்கிறான். நான்தான். எரிச்சலோடு நிறுத்தப் போனபோது தங்கராஜ் அண்ணனின் ஞாபகம் வந்துவிட்டது.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கடையில்தான் எனக்கு முதல் வேலை. கீழே பாண் வேகும் வாசனைக்கு நாளெல்லாம் பசிக்கும். நான் விட்ட பிழைகளுக்கெல்லாம் அந்தப் பசிதான் காரணம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழா, மரண அறிவித்தல், கடை விளம்பரம் எல்லாம் அங்கே பதிவாகும். ஆனால் கணினியின் செட்டிங்ஸ் பக்கம் போனால் எனக்குத் திக்குத் திசை தெரியாது.

தங்கராஜ் அண்ணனுக்குப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி வேலை. கடுமையாகத் திக்குவார். கொஸ்லந்தப் பக்கம் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அவள் போன் எடுத்தால் இவர் மூச்சு மட்டும் விடுவாராம். "இஷ்டமில்லாமக் கட்டிவைக்கிறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். நாலு வார்த்தை பதிந்து அனுப்பிவிடலாம் என்று வந்திருந்தார்.

"தி… திக்கினா வெட்டிருவீங்கதானே, தம்பி?"

"வெட்டிரலாம்ணே, பேசுங்க."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். "உங்களப் புடிச்சிருக்கு. பேசத்தான் பயம்" என்று தொடங்கி, கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் ஓரிடத்திலும் திக்காமல் பேசி முடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அவரோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யா… யாரோ கூடவே பே… பேசுறாங்க" என்றார்.

பதியும்போதே குரலைக் காதுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டிருந்தது. அதனால் அவர் குரலே பிந்தி அவர் காதுக்குப் போயிருக்கிறது. பிழை என்று அதை எடுத்தேன். இப்போது முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். திரும்பச் சரி போட்டேன், பேச்சு ஓடியது. எடுத்தேன், நின்றது. அந்தத் தடவை திக்கித் திக்கியே முழுதும் பேசி முடித்தார், அதுவும் பதிவானது. சிலருக்கு இப்படி நடக்கும் என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். ஏன் என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

திக்காத பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். அவ்வளவு நேரம் கேட்டவர், திக்கியதைத்தான் போனின் மெமரி சிப்பில் போடச் சொன்னார்.

"என்னண்ணே, நல்லத விட்டுட்டு?"

"அ… அத அனுப்பினா, கட்டிக்கிட்டு வந்து அ… அந்த ஆளத்தான் தேடுவா."

"சரி, திக்கினதயாவது வெட்டவா?"

"வே… வேணாம்."

காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு வேலையே ஓடவில்லை. கொஞ்ச நாளில் கல்யாணப் பத்திரிகையோடு படியேறி வந்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"மு… முழுசாக் கேட்டாளாம். ரெ… ரெண்டு தடவ."

அந்தப் பேக்கரியையும் மாடியையும் இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். திக்காத பதிவை அழிக்க மனமில்லாமல் கணினியில் வைத்திருந்தேன். கடை மூடியபோது கணினி பழைய இரும்புக்குப் போயிற்று. அந்தப் பேச்சை அவரையும் என்னையும் தவிர யாரும் கேட்டதில்லை.