நிக்க வச்சு அளங்கக்கா

சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. நடுவுல சிரிச்சீங்கன்னா எனக்குக் கோவம் வரும், பாதியிலயே எழுந்து போயிடுவேன். பேய், ஆவி, முனி இதுல எல்லாம் எனக்கு என்னிக்குமே நம்பிக்கை கிடையாது. எப்படி வரும் சொல்லுங்க, எங்க நைனா செஞ்சியில சவப்பொட்டி செய்யறவரு. பேரு சவரிமுத்து. நாங்க கண்ணாமூச்சி ஆடுனதே பொட்டிக்குள்ள ஒளிஞ்சுதான். எங்கம்மா பொட்டி மூடி மேல வடகம் காய வைப்பாங்க. அப்படி வளந்தவளுக்கு எங்கேந்து பயம் வரும்?

ஆனா நைனாகிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு, அத முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி நான் சொல்றது உங்களுக்குப் புரியாது. பெரியவங்களுக்கு ரெண்டு மூணு பொட்டி எப்பவும் செஞ்சு அடுக்கி வச்சிருப்பாரு. பிள்ளைங்களுக்கு மட்டும் முன்கூட்டி செய்யவே மாட்டாரு. சாவு விழுந்தப்புறம் சைக்கிள்ல போயி, ஒரு சணல் கயிறால அளவெடுத்துட்டு வந்து, அப்புறம்தான் பலகையில ரம்பம் வைப்பாரு. அந்தக் கயிறையும் பொட்டிக்குள்ளயே பிள்ளையோட போட்டுடுவாரு. ஏன் நைனான்னு கேட்டா, "சின்னப் பொட்டி செஞ்சு வச்சா அதுக்கு ஒரு புள்ள வந்துடும்மா"ம்பாரு. நான் அதுக்கும் சிரிச்சவதான்.

இது அறுபதுகள்ல நடந்தது. அப்ப நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு வீட்டுல இருந்தேன். பட்டணத்துலேந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்குன்னு செஞ்சிக்கு வந்தாங்க. பிள்ளைங்க எப்படி வளருது, எங்க வளராம நிக்குது, என்ன சாப்பாடு குறையுதுன்னு ஊர் ஊராப் போயி அளந்து பாக்குற ஆராய்ச்சி. சிங்கவரம், வல்லம், அதச் சுத்தி இருக்குற ஊருங்கன்னு ஜீப்புல போவோம். எடை போடறது, கையைச் சுத்தி நாடா பிடிக்கிறது, உயரம் எடுக்கிறதுன்னு எனக்கு உதவியாளர் வேலை. ரெண்டு வயசு ஆகாத பிள்ளைய நிக்க வச்சு அளக்கக் கூடாது, படுக்க வச்சுத்தான் அளக்கணும், அது டாக்டரம்மா படிச்ச படிப்போட சட்டம். அதுக்கு ஒரு பலகை உண்டு. தலை மாட்டுல ஒரு கட்டை அடிச்சிருக்கும், ரெண்டு பக்கமும் சின்னதா விளிம்பு இருக்கும், கால் மாட்டுல ஒரு கட்டை முன்னயும் பின்னயும் நகரும். பிள்ளைய மல்லாக்கப் போட்டு, ஒருத்தர் தலையப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் முட்டிய அமுக்கி காலை நீட்டிப் பிடிக்கணும், அப்புறம் கட்டையைத் தள்ளி பாதத்துல முட்ட வைக்கணும். எந்தப் பிள்ளையும் சும்மா படுக்காது, ஊரே கூடற மாதிரி கத்தும்.

பட்டணத்துலேந்து வந்த பலகை வழியிலயே ஒடஞ்சு போச்சு. எங்க நைனாவே செஞ்சு குடுப்பாருன்னு நான்தான் சொன்னேன், வேற யாரு செய்வாங்க, செஞ்சியில எங்க நைனா கை சுத்தம் யாருக்கும் வராது. நைனா ரெண்டு நாள் பிடி குடுக்கவே இல்ல. "அளவு சின்னதா இருக்குதே ரோசு"ன்னாரு. "நைனா, இது பொட்டி இல்ல, அளக்குற பலகை"ன்னு நான் விளக்கி விளக்கிச் சொல்லி, கடைசியில செஞ்சாரு. அவருக்குத் தெரிஞ்ச மாமரப் பலகை, அவருக்குத் தெரிஞ்ச மூலை, அவருக்குத் தெரிஞ்ச வார்னிஷ். செஞ்சு முடிச்சு வெயில்ல வச்சப்போ, சத்தியமா சொல்றேன், மூடி இல்லாத ஒரு சின்னப் பொட்டி மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு உறைக்கல, பழகின கண்ணு.

சிங்கவரத்தைத் தாண்டி நம்ம வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவக் குடும்பங்க, இருக்குற ஒரு ஊரு. அங்க மாதா கோயில் தாழ்வாரத்துல பலகையை இறக்கினோம். பொம்பளைங்க ஒருத்தரும் கிட்ட வரல. அந்த ஊர்ல யாரு வீட்டுச் சாவுக்கும் நைனா பொட்டிதான், பாத்த உடனே கண்டுக்கிட்டாங்க. பேசிப் பேசி ஒவ்வொருத்தரா வந்தாங்க. லூர்து மட்டும் வரவே இல்ல.

லூர்து என்னைவிடச் சின்னவ, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பொறுக்கப் போறவ. அவ பொண்ணு பிலோமிக்கு ஒன்றரை வயசு இருக்கும். சீதபேதி வந்து வந்து பிள்ளை வத்திப் போயி, முட்டி ரெண்டும் மடங்கினது மடங்கினபடியே இருக்கும், நீட்டவே வராது. நிக்காது, நடக்காது, கண்ணு மட்டும் பெருசா நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும். அளவு குறைஞ்ச பிள்ளைங்களுக்கு டாக்டரம்மா பால் பவுடர் குடுப்பாங்க, ரொம்ப முடியலன்னா ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாங்க. அதுக்கு முதல்ல அளக்கணும். நான் அவ வீட்டுக்கே போயிக் கெஞ்சினேன்.

"இன்னாக்கா நீ, உங்க நைனா செஞ்ச பலகையில எம்புள்ளையப் படுக்க வைக்கச் சொல்றியே"ன்னு அழுதா. "நிக்க வச்சு அளங்கக்கா. நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன். படுக்க மட்டும் வைக்க வேணாம்."

நான் டாக்டரம்மாகிட்ட வந்து சொன்னேன், நிக்க வச்சே அளந்துடலாம்மா, இல்லன்னா அளக்காமலே ஒரு டின் குடுத்துடலாம்னு. நல்லவங்கதான் அவங்க, ஆனா ஆராய்ச்சின்னு வந்துட்டா பிடிச்ச பிடிதான். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரி செஞ்சா மொத்தமும் கெட்டுடும்னாங்க. பட்டணத்துக்கு எழுதி இரும்புப் பலகை வரவழைக்கிறேன், அடுத்த தடவை அதுல அளந்துடலாம்னு சொன்னாங்க. நானும் லூர்துகிட்ட போயி, வேற பலகை வருது, அதுல உன் பிலோமியப் படுக்க வைப்பியான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, சரின்னு தலையாட்டினா.

அடுத்த தடவை போறப்பவும் இரும்புப் பலகை வந்து சேரல.

அன்னைக்கு நல்ல வெயில். காலையில வந்த பிள்ளைங்கள அளந்து முடிச்சுட்டு, டாக்டரம்மாவும் கூட வேலை செய்யற பொண்ணும் ஜீப்புல வல்லம் போயிட்டாங்க. நான் மட்டும் கோயில் தாழ்வாரத்துல தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட உக்காந்தேன். எதிர்ல ராஜகிரி மலை கொதிக்குது, தெருவுல காக்கா கூட இல்ல. கை கழுவிட்டு நிமிந்து பாக்குறேன், பிலோமி நடந்து வர்றா.

நடந்துதாங்க வர்றா! நம்பினா நம்புங்க. நீல கவுனு, கழுத்துல கறுப்புக் கயிறுல மாதா படம் போட்ட சுரூபம், தலை ஈரம் சொட்டச் சொட்ட, சோப்பு வாசனை அடிக்குது. எனக்கு அப்ப ஒரு சந்தேகமும் வரல. நடக்காத பிள்ளை நடக்குதே, லூர்து மனசு மாறி குளிப்பாட்டி அனுப்பிட்டா, அவ பின்னாடியே வர்றா போலன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாடி கண்ணுன்னு கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டிப் போயி, பலகையில தானா ஏறி, தானா மல்லாக்கப் படுத்து, ரெண்டு காலையும் நேரா நீட்டிக்கிச்சு.

அத்தனை பிள்ளைய அளந்திருக்கேன், ஒண்ணு கூட அப்படிப் படுத்ததில்ல. தலையப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கல, முட்டிய அமுக்க வேண்டியிருக்கல. ஒத்தக் கையால கட்டையைத் தள்ளினேன், பாதத்துல முட்டுச்சு. பாதம் சில்லுன்னு இருந்துச்சு, குளிச்ச பிள்ளைதானேன்னு நினைச்சுக்கிட்டேன். என் முகத்தையே பாத்துச்சு. "பாலு"ன்னுச்சு. அந்தப் பிள்ளை பேசி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

இரு கண்ணு, இதோன்னு உள்ள ஓடி, பவுடர் டின்னை எடுத்துட்டு வந்தா பிள்ளை இல்ல. தலை வச்ச இடத்துல பலகை நனைஞ்சிருக்குது, கட்டை அதே இடத்துல நிக்குது. சட்டமாவது ஒண்ணாவதுன்னு டின்னை இடுப்புல வச்சுக்கிட்டு லூர்து வீட்டுக்கு நடந்தேன். வீடு ஊருக்கு வெளியே, மல்லாட்டைக் காட்டுக்கு அந்தாண்ட. இவ்வளவு தூரம் அந்தக் காலு எப்படி நடந்துச்சுன்னு வழியிலதான் முதல் முதலா தோணுச்சு, நடைய எட்டிப் போட்டேன்.

வீட்டு வாசல்ல எங்க நைனா சைக்கிள் நின்னுச்சு.

பிலோமி விடியக்காலையிலயே போயிட்டா. நான் செஞ்சியிலேந்து ஜீப்புல கிளம்பினப்புறம்தான் நைனாவுக்கு ஆள் போயிருக்கு. வீடு காட்டுக்கு அந்தாண்டங்கிறதால காலையில அளக்க வந்த பொம்பளைங்களுக்கும் சேதி எட்டல. பாயில கிடத்தியிருந்தாங்க, நீல கவுனு, ஈரத் தலை. நைனா கையில சணல் கயிறு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க மாத்தி மாத்தி அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, காலையிலேந்து மடங்கின காலு எவ்வளவு நீவி விட்டும் நீளல, மடங்கினபடியேதான் பொட்டியில வைக்கணும்னு இருந்தோம், இப்பதான், குளிப்பாட்டி கவுனு போட்டு முடிச்ச கொஞ்ச நேரத்துல, யாரும் தொடாமலே தானா நீண்டுச்சுன்னு.

நான் டின்னோடயே லூர்து பக்கத்துல போயி நின்னேன். 

லூர்து என் இடுப்புல இருந்த டின்னைப் பாத்தா. "அளந்திருந்தா பொழைச்சிருப்பாளாக்கா?"ன்னு கேட்டா. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றது, நீங்க சொல்லுங்க. ஆமான்னா அவளைக் கொன்ன மாதிரி, இல்லன்னா நாங்க இத்தனை நாள் எதுக்கு ஊர் ஊரா அலைஞ்சோம்? நடந்ததத்தான் சொன்னேன்.

"அளந்துட்டேன் லூர்து. இப்பதான் வந்தா. அவளே படுத்துக்கிட்டா."

அங்க இருந்தவங்க எனக்குப் பித்துப் பிடிச்சுடுச்சுன்னு பாத்தாங்க. லூர்து அப்படிப் பாக்கல.

"அழுதாளா?"

"அழல."

"கால நீட்னாளா?"

"நீட்டினா. பாலு கேட்டா."

எங்க பக்கம் போற உயிருக்கு வாயில ரெண்டு சொட்டு பால் விடுவாங்க, வேதத்துல சேந்தும் அந்த வழக்கம் போகல. அன்னைக்கு விடியக்காலையில அந்த வீட்டுல பாலும் இல்ல, ஓடிப் போயி வாங்கிட்டு வர்றதுக்குள்ள உயிரும் இல்ல. லூர்து எழுந்து, டின்னை என்கிட்டேந்து வாங்கி, சுடுதண்ணி வச்சு, கட்டி தட்டாமப் பதமாக் கரைச்சு, பிள்ளையோட உதட்டுல துணியால நனைச்சா. நைனா கயிறைச் சுருட்டிக்கிட்டு வெளியே போயிட்டாரு. அவரு அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

பொட்டி செய்யறதுக்கு முன்னாடி நைனா கோயில் தாழ்வாரத்துல இருந்த பலகை பக்கத்துல போயி, அந்தக் கயிறைத் தலைக்கட்டையிலேந்து கால்கட்டை வரைக்கும் பிடிச்சுப் பாத்தாரு. மயிரிழை கூட வித்தியாசம் இல்ல. அப்புறம் பலகையை அடுப்புல போடறேன்னு நின்னாரு. நான்தான் விடல. அந்தப் பிள்ளை அழாமப் படுத்த இடம் இல்லையா அது, எப்படி எரிக்கச் சொல்றது? இரும்புப் பலகை வந்தப்புறம் இதை எங்க வீட்டுப் பரண்ல ஏத்திட்டேன். டாக்டரம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல, சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.

இதோட முடிஞ்சிருந்தா வெயில்ல கண்ணு கட்டுச்சுன்னு நானே நினைச்சுட்டுப் போயிருப்பேன். முடியலையே.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு லூர்து மெழுகுவத்தி ஏத்திட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தா. பலகையைப் பாக்கணும்னா. பரண்லேந்து இறக்கினேன், கால்கட்டை நாலு விரக்கடை தள்ளி நின்னுச்சு. ஏத்துறப்ப, எறக்குறப்ப நகந்திருக்கும்னுதான் நானும் சொன்னேன். லூர்து அந்த நாலு விரக்கடையை உள்ளங்கையால தடவிக்கிட்டே, "வளந்திருக்காக்கா"ன்னா. நைனா அன்னைக்கே ஒரு துணியால பலகையை இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டு ஏத்தினாரு. மறு வருஷம் முடிச்சு போட்டது போட்டபடி இருந்துச்சு, கட்டை இன்னும் தள்ளிப் போயிருந்துச்சு.

வருஷா வருஷம் அவ வருவா, நான் இறக்குவேன். பிள்ளை உயிரோட இருந்தா எவ்வளவு வளருமோ அவ்வளவுதான் நகந்திருக்கும், கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. எத்தனை பிள்ளைய அளந்த கை இது, எனக்குத் தெரியாதா. ஒரு வருஷம் துணியைப் பிரிச்சா, கட்டை பலகையோட கடைசி விளிம்பைத் தாண்டி, கழண்டு துணிக்குள்ள விழுந்து கிடந்துச்சு. பலகை அவ்வளவுதான். அதுக்கு மேல அளக்க அதுல இடம் இல்ல.

லூர்து அந்தக் கட்டையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. அப்புறம் என்னை நிமிந்து பாத்து, முன்ன கேட்ட அதே குரல்ல, "இனிமே நிக்க வச்சு அளங்கக்கா"ன்னா.

அவ மனசுக்காகத்தான் எழுந்தேன், சத்தியமா வேற ஒரு எண்ணமும் இல்ல. பிள்ளைங்கள நிக்க வச்சு அளக்குற மாதிரியே வாசக்கால் கிட்டப் போயி, அந்த வயசுக்கு எவ்வளவு இருக்கும்னு ஒரு குத்துமதிப்பா, உள்ளங்கையைத் தட்டையா வச்சேன்.

கையில ஈர முடி பட்டுச்சு. சோப்பு வாசனை.

அன்னைக்கு மழை இல்ல, வீட்டுல யாரும் தலைக்குக் குளிக்கல, இதையெல்லாம் நான் அப்புறம் எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். எனக்கு அளக்கத்தான் தெரியும், இது என்னன்னு சொல்லத் தெரியாது. கையை எடுக்கவும் மனசு வரல.

"எவ்வளவு இருக்குதுக்கா?"ன்னு லூர்து கேட்டா.

"நல்லா வளந்திருக்கா லூர்து"ன்னு சொன்னேன்.