புகை வாசம் தூக்கலா இருக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் ஒரு பொய் சொன்னார்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. கோழித் துண்டு ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "ஆகா... இன்னிக்குப் புகை வாசம் தூக்கலா இருக்கே" என்றார்.

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு நின்ற எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாதது போல் ஆகிவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதியவர்களுக்காக... அவர் மிளகாய் வத்தல் புரோக்கர். வீடு சிவகாசியில், வேலை விருதுநகர் மண்டியில். வந்து இறங்கும் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு வத்தலை எடுத்து, ஒடித்து, மூக்குக்குக் கீழே பிடிப்பார். ஈரம் இருக்கிறதா, பழைய சரக்கைக் கலந்திருக்கிறார்களா, எல்லாம் சொல்லிவிடுவார். அவர் தலையாட்டினால்தான் லாரியில் லோடு ஏறும். அந்த மூக்குதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

போன தீபாவளி சீசனில், திருத்தங்கல் பக்கம், எதிரே வந்த பட்டாசு லாரிக்கு ஒதுங்கப் போய் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், எலும்பு ஒன்றும் உடையவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று நேர்ச்சைச் சோறு ஆக்கித் தெரு முழுக்கக் கொடுத்தோம்.

அந்த நேர்ச்சைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் கேட்டார்: "ஏம்மா, மசாலாவே போடலியா?"

மாத்திரை செய்யும் வேலை என்று நினைத்தேன். மறுநாள் காபியை வெந்நீர் என்றார். அதுவும் மாத்திரைதான் என்றேன். பிறகு ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி அடுப்படி முழுக்கப் புகை, வீடு முழுக்கத் தீஞ்ச வாடை. அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம் மனுசன். பக்கத்து வீட்டுச் செல்விதான் ஓடிவந்து அடுப்பை அணைத்திருக்கிறாள். செல்வி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தீஞ்ச வாடை என்றால் தூக்கத்தில்கூட எழுந்து ஓடுவாள்.

"அண்ணே, இம்புட்டு வாடையில இங்கன எப்படி உக்காந்திருக்கீக?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன வாடை?" என்றாராம் இவர்.

மறுபடியும் மதுரை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர். சிலருக்குத் தானாகத் திரும்பும், பலருக்குத் திரும்பாது, இதற்கென்று மருந்து கிடையாது, காத்திருந்து பாருங்கள் என்றார். காத்திருப்பதற்கா அவ்வளவு தூரம் போனோம்?

கண் போனால் ஊர் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிவிடும். காது போனால் சத்தமாகப் பேசும். மூக்கு போனால் என்ன செய்யும் தெரியுமா? சிரிக்கும். "நல்லதாப் போச்சு பாய், நம்ம ஊருச் சாக்கடையில இருந்து தப்பிச்சீக" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தார். வந்து, சாப்பிடாமல் படுத்தார்.

உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும், இனிப்பு தெரியும். அதற்குமேல் ஒன்றுமில்லை. வைக்கோலுக்கு உப்புப் போட்டுத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். சட்டை தொளதொளத்தது. மண்டிக்குப் போவது நின்றது.

அப்போதுதான் ஷார்ஜாவிலிருந்து என் கொழுந்தன் ரஹீம் லீவில் வந்தான். பெட்டியைத் திறந்து, துணிமணிகளுக்கு நடுவே இருந்து ஒரு பெரிய டின்னை எடுத்தான். பார்பெக்யூ மசாலாவாம். செங்கல் நிறத்தில் ஒரு பொடி.

"மதினி, அங்க எல்லாரும் இதைத்தான் கறியில தடவிச் சுடுறாக. மொளகாயைப் புகையில காயவச்சு அரைக்கிறது. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். அடுப்பே இல்லை, விறகு எரிகிற வாசம் குப்பென்று ஏறியது.

என் வீட்டுக்காரர் டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொளகாய்ல புகை அடிச்சா நம்ம மண்டியில சாக்கோட திருப்பி அனுப்புவான். இவன் டின்ல போட்டு விக்கிறான் பாரு" என்றார். அடிபட்டதற்குப் பிறகு அவர் தொழிலைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி ரஹீமே தயிரில் அந்தப் பொடியைக் குழைத்துக் கோழியில் தடவி, தோசைக்கல்லில் போட்டுப் புரட்டிப் புரட்டிச் சுட்டான். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னமோ வருதே..." என்றார். "புகை மாதிரி... விறகடுப்பு மாதிரி..."

எங்கள் மகள் யாஸ்மின், பிளஸ் டூ படிக்கிறவள், தட்டைத் தள்ளிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ரஹீம் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடியே அழுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இதே பத்தியில் எழுதியிருந்தேனே. ராத்திரி ஆனால் பார்பெக்யூ. கோழியில் தடவினேன். உருளைக்கிழங்கில் தடவினேன். ஆனைக்குட்டம் அணை மீனில் தடவினேன். முட்டை, கத்திரிக்காய், எதையும் விடவில்லை. "அம்மா, எனக்கு ரசம் வேணும்மா. வெறும் ரசம்" என்று யாஸ்மின் கெஞ்சினாள். "கம்பெனியிலதான் புகைக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்கோம், வீட்டுக்கு வந்தா உங்க வீட்டுப் புகையாக்கா?" என்று செல்வி கேட்டாள். நான் யாரையும் சட்டை செய்யவில்லை. அறுந்த நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பழக்கிக்கொண்டே இருந்தால் முழுசாக ஒட்டிவிடும். இது நானே கண்டுபிடித்த வைத்தியம்.

தட்டில் வைத்ததும் அவர் முகத்தையே பார்ப்பேன். "வருதா?" என்பேன். "வருது" என்பார். சில நாள் "நேத்தைவிடக் கொஞ்சம் தூக்கல்" என்பார். இன்னொரு கரண்டி வைப்பேன். அதையும் சாப்பிடுவார்.

உங்களில் எத்தனை பேர் எழுதினீர்கள்! அந்த மசாலா எங்கே கிடைக்கும் என்று சிலர். துஆ செய்ததாகச் சிலர். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சாத்தூரிலிருந்து ஓர் அம்மா. எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோசத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்றல்லவா நினைத்தேன்.

மண்டி முதலாளி மறுபடி கூப்பிட்டு அனுப்பியபோது இவர், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார்.

"அதான் வாசம் வந்துக்கிட்டிருக்குல்ல? போங்க. இன்னும் எம்புட்டு நாள்தான் வீட்டுலயே இருப்பீக?" என்று டிபன் கேரியரைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.

போனார். சில வாரத்தில் அவர் பார்த்து அனுப்பிய லோடு ஒன்று கேரளாவிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. சாக்குக்குள்ளே பூஞ்சை. வழியில் மழை, லாரிக்காரன் தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை என்றார். நானும் சேர்ந்து அந்த லாரிக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

டின் திங்கட்கிழமையே காலி. யாஸ்மின் அதைக் கழுவித் தன் பேனாக்களைப் போட்டுவைத்துக்கொண்டாள். அடுத்த டின் ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாக ரஹீம் போனில் சொல்லியிருந்தான். அதுவரை சமாளிக்க வேண்டுமே என்று வீட்டு மிளகாய்த்தூள், பூண்டு, ஒரு சிட்டிகைச் சீனி போட்டுக் கோழியைச் சுட்டேன். அவரைச் சோதிக்கிற எண்ணம் துளியும் எனக்கு இல்லை. 'டின் தீந்துபோச்சு, இன்னிக்கு ஒருநாள் சும்மா சாப்பிடுங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சோறு போடுவதற்குள் அவர் கோழியை எடுத்து வாயில் போட்டுவிட்டார்.

"இன்னிக்குப் புகை வாசம் தூக்கலா இருக்கே."

யாஸ்மின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் மென்றுகொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே வந்த யாஸ்மின் என் கையைப் பிடித்தாள். "அம்மா, அத்தாகிட்டச் சொல்லிறாதீங்கம்மா. பாவம்மா அத்தா" என்றாள் மெதுவாக.

சொல்லக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்புகிறார்... வாசல் வரை போய்விட்டார். இன்னொரு லோடு, இன்னொரு பூஞ்சை, இன்னும் எத்தனை லாரிக்காரர்களைத் திட்டுவது?

"டின் தீந்துருச்சு" என்றேன்.

"தீந்தா என்ன, ரஹீம்தான் அனுப்புறானே."

"திங்கக்கிழமையே தீந்துருச்சுங்க."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொத நாளு நெசமாவே வந்துச்சும்மா" என்றார். "வந்துச்சா, வந்த மாதிரி இருந்துச்சா, அது இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல. காரம் மூக்குல ஏறுனதைத்தான் வாசம்னு நெனச்சனோ என்னமோ. மறுநாளு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க மூணு பேரும் அந்த அழுகை அழுதீகளே... அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"அப்ப இம்புட்டு நாளும்?"

"வைக்கோல்தான். நீ முகத்தையே பாத்துக்கிட்டு நிப்ப. வருதாம்ப. வரலன்னு சொன்னா அந்த மூஞ்சி என்ன ஆகும்? அதை வேற நான் பாக்கணுமா?"

"மண்டியில என்ன செஞ்சீக?"

"காதால பாத்தேன். காஞ்ச வத்தலா இருந்தா ஒடிக்கையில சத்தம் நல்லா வரும், வெதை கலகலங்கும். கைக்கு வந்ததெல்லாம் நல்லாத்தான் சத்தம் போட்டுச்சு. அதுக்கும் அடியில இருந்த ஈரம் காதுக்குத் தெரியலியே."

பூஞ்சை பிடித்த அந்த லோடு லாரியில் ஏறியதில் பாதி அவர் பொய் என்றால் மீதி என் சமையல்.

அன்று அவர் மண்டிக்குப் போய் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் திரும்பி வந்தார். கேரியரில் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. முதலாளி நல்ல மனுசர், ஒரு வார்த்தை திட்டவில்லையாம். லோடு ஏற்றும் இடத்தில் நின்று மேற்பார்வை பார்க்கச் சொன்னாராம்.

"போகலாமே" என்றேன்.

"நான் கை விட்ட சாக்குல இன்னொருத்தன் கைய விட்டு மோந்து பாப்பான். நான் பக்கத்துல நின்னு அவன் மூக்கைப் பாத்துக்கிட்டிருக்கணுமா? முடியாதும்மா" என்றார்.

இதை நான் எழுதும் இன்று வரை அவர் போகவில்லை. இனிமேல் போவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய மூக்கு திரும்பிவிடும் என்றும் இப்போது நாங்கள் யாரும் நினைப்பதில்லை. வாசம் வருகிறது என்று இங்கே எழுதிய எனக்கு, வரவில்லை என்று எழுதுகிற கடமையும் இருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் வேண்டியது வீண் இல்லை, நான் சொன்னதுதான் தப்பு.

யோசித்துப் பார்க்கிறேன். எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? ஆக்கிப் போடுகிறவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே, பிடிக்காததை எல்லாம் 'நல்லா இருக்கு' என்று விழுங்குகிறார்கள். நாமும் அதை நம்பி இன்னொரு கரண்டி வைக்கிறோம். மெனக்கெட்டு ஆக்கிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் நமக்குச் சொன்னது? எல்லா அன்பையும் கரண்டியில்தான் அள்ளி வைக்கவேண்டுமா? இல்லை என்றால், வேறு எதில் வைப்பது... எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி யாஸ்மின் ஆசைப்பட்ட ரசம் வைத்தேன். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு... வாசம் தெரு வரைக்கும் போனதாகச் செல்வி சொன்னாள். அவர் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "முடியலம்மா" என்று எழுந்து போய்விட்டார். நான் இன்னொரு கரண்டி வைக்கப் போகவில்லை, அவரும் எனக்காகத் தின்றே ஆகவேண்டும் என்று திணித்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் நான் 'எப்படி இருக்கு?' என்று கேட்பதில்லை. 'போதுமா?' என்று மட்டும்தான் கேட்கிறேன்.