டி.வி. மேல் எழுதியது யார்?

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு தனிச் சாபம் உண்டு: பால்காரருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்புவதானாலும் அதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

என் பெயர் மாலதி. மல்லேஸ்வரத்தில் குடியிருக்கிறேன். அலுவலகம் அலுவலகமாகப் போய், வேலையில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயிலும் ரிப்போர்ட்டும் எழுதக் கற்றுத்தருவது என் தொழில். ‘இட் ஹேஸ் பீன் டிஸைடட்’ என்று ஆரம்பிக்கும் மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். முடிவு செய்யப்பட்டுவிட்டதாம். செய்த புண்ணியவான் யார் என்பது மட்டும் கடைசி வரிவரை தெரியாது. அந்த மெயிலைப் படித்துப் பல்லைக் கடித்த எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் நான் இதைச் சொல்லி ஆற வேண்டும்.

போன வருடம் வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் வகுப்பு எடுத்தேன். கட்டடத்தின் காவலையும் துப்புரவையும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த கம்பெனியின் சூப்பர்வைசர்கள் ஒன்பது பேர்தான் மாணவர்கள். கடைசி சனிக்கிழமை பரீட்சை. கட்டடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி, யார் துணையும் இல்லாமல், ஆங்கிலத்தில் ஒரு பக்க ரிப்போர்ட் எழுத வேண்டும். தேறியவர்களுக்கு எக்ஸிக்யூட்டிவ் பதவி. இதில் அதிகம் தவித்தவர் துப்புரவுப் பிரிவின் செல்வி அக்கா. அல்சூர்க்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், பதினாறு வருட சர்வீஸ். அவர் தேறாவிட்டால் டிகிரி முடித்துவிட்டு நேராக வருகிற யாரையாவது அவருக்கு மேலே உட்காரவைத்துவிடுவார்கள். முதல் நாளே என்னிடம் சொன்னார்: “அப்பறம் அவருக்கு மாப்பு எந்த ரூம்ல இருக்குதுன்னு நான்தானே மேடம் காட்டணும்?”

ஆளில்லாத ரெஜிஸ்டர்

பாசிவ் வாய்ஸ் பாடத்துக்கு நான் இரண்டு நாள் தயார் செய்தேன். செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்வது எப்படி என்று பூப்போல விளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். உதாரணத்துக்காக அவர்களுடைய சம்பவ ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். கண்ணாடி உடைக்கப்பட்டிருந்தது. குழாய் மூடப்படவில்லை. பேஸ்மென்ட் தண்ணீரால் நிரம்பியிருந்தது. பூந்தொட்டி விழுந்து காணப்பட்டது. இப்படி ஒரு தடித்த நோட்டு முழுக்கச் சம்பவங்கள். ஒரு மனிதர்கூட இல்லை. எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் பாசிவ் வாய்ஸில் ஒன்பது பேரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஆவி புகுந்த கட்டடமா இது என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி அக்கா மட்டும் நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பத்திரமாக மூடினார். “பேர் எழுதினா அன்னிக்கே அவங்க சோத்துல மண்ணு மேடம். அதான் ஒடஞ்சத எழுதுவோம், ஒடச்சவங்கள எழுத மாட்டோம்.”

எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது. இலக்கணத்தில் இத்தனை கருணை இருக்கும் என்று என்னுடைய எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

கேட் வழியே போன மரியாதை

‘மஸ்ட்’ என்ற வார்த்தையை இந்த ஒன்பது பேரும் உப்பைப்போலத் தூவுவார்கள். ‘யூ மஸ்ட் சென்ட் சோப்.’ ‘யூ மஸ்ட் கம் மை ஹவுஸ் பூஜா.’ சோப்பு கேட்பதும் மிரட்டல், பூஜைக்கு அழைப்பதும் மிரட்டல். அதனால் ஒரு வகுப்பு முழுக்க ‘குட் யூ ப்ளீஸ்’ என்று பணிவாகக் கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கு இருபது தடவை சொல்லவைத்தேன்.

காவல் பிரிவின் நாகராஜ் மறு சனிக்கிழமை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். கோலார் பக்கத்துக்காரர், கன்னடத்தைத் தொட்டுக்கொண்டு தமிழ் பேசுவார். கேட்டில் ஒரு பெரிய காரை நிறுத்தி, ‘குட் யூ ப்ளீஸ் ஷோ யுவர் ஐடி கார்டு, சார்?’ என்று நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில் கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தவர் சிரித்த முகத்துடன் ‘நோ, தேங்க் யூ’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நாகராஜுக்கு மெமோ. “மரியாதெ எல்லாம் நம்ம கிட்டயே இருக்கு மேடம், காருதான் உள்ள ஹோய்த்து.”

பதில் வருவதற்குள்

வகுப்பு நடந்த தளத்தைச் சுத்தம் செய்யும் ரத்னம்மாதான் வகுப்பு நடுவில் எங்களுக்குக் காபி கொண்டுவருவார். அவர் மாணவி அல்ல. கதவுக்கு வெளியே கேட்டுக் கேட்டே பாதிப் பாடம் அவருக்கு வந்துவிட்டது. ‘மே ஐ கம் இன்?’ என்று தவறாமல் அனுமதி கேட்பார். நான் ‘எஸ்’ என்று வாயெடுப்பதற்குள் ட்ரே மேஜையில் இருக்கும்.

கேள்வி என்றால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா என்று ஒருநாள் சீண்டினேன். அவர் டம்ளர்களை எடுத்துவைத்துக்கொண்டே சொன்னார்: “கேக்கறது மரியாதிக்கி மேடம். நின்னுகினே இருந்தா காப்பி ஆறிப்போவும்ல.”

புது போர்டு

பதினோராவது சனிக்கிழமை வகுப்பறையில் போர்டு மாறியிருந்தது. பழைய போர்டைவிட இரண்டு மடங்கு பெரியது, வெள்ளையாக, வழுவழுவென்று, சுவர் அகலத்துக்கு இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுவலகங்களில் வைத்திருக்கும் மார்க்கர்கள் எப்போதும் காய்ந்தே கிடக்கும் என்பதால் என் பையில் சொந்த மார்க்கர் இருக்கும். அன்றைக்குப் பையில் இருந்தது அழியாத மசி மார்க்கர், நான் கவனிக்கவில்லை. அதை எடுத்து இரண்டு மணி நேரம் எழுதித் தள்ளினேன். கடைசியாக, பாசிவ் வாக்கியத்தைப் பார்த்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று ‘பை ஹூம்?’, அதாவது ‘யாரால்?’ என்று முழ உயர எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அழிக்கப் போனபோதுதான் அது போர்டு அல்ல, டி.வி. என்று தெரிந்தது. காலை மீட்டிங்கில் வெள்ளைத் திரையோடு அணைக்காமல் விட்டுப்போயிருக்கிறார்கள். பதற்றத்தில் கைப்பையிலிருந்த சானிடைசரை ஊற்றித் தேய்த்தேன். மசி போனது. கூடவே திரையின் மேல்பூச்சும் போனது. மற்றதெல்லாம் மங்கலாக மறைய, அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. ஒன்பது பேரும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாகராஜ் என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்க மனெக்கி போங்க மேடம். ரெஜிஸ்டர்ல நாங்க பாத்துக்கறோம்.”

மிகச் சிறந்த மெயில்

பார்த்துக்கொண்டார்கள். அன்றைய பதிவு: ‘டி.வி. எழுதப்பட்டது. பிறகு சுத்தம் செய்யப்பட்டது. இப்போது இப்படி இருக்கிறது.’ அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, கீழே கைகூப்பும் படமும் போட்டிருந்தார் நாகராஜ்.

நானும் சும்மா இருக்கவில்லை. அடுத்த அணி சூப்பர்வைசர்களுக்கும் என்னையே அழைப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கட்டடத்தின் மேனேஜர் விவேக்குக்கு ஒரு மெயில் எழுதினேன். திரையில் சில தடங்கள் காணப்பட்டன, அவை சுத்தம் செய்யும்போது ஏற்பட்டிருக்கக்கூடும், கவனிக்கப்பட்டால் நன்றாக இருக்கும் என்று எழுதினேன். பொய் ஒரு சொல்கூட இல்லை. சுத்தம் செய்யும்போதுதானே ஏற்பட்டது? செய்தது நான் என்பதுதான் இல்லை. நான்கு முறை படித்துவிட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “தேங்க் யூ மேடம், வெரி ப்ரொஃபஷனல் மெயில்.”

காபி கொண்டுவந்தவர்

பரீட்சை நாள். நான் சீக்கிரமே போய்விட்டேன். டி.வி. அங்கேயே இருந்தது. வாரம் முழுக்க அதில்தான் மீட்டிங் நடந்ததாம். என்ன ஸ்லைடு போட்டாலும் அதன் மேல் ‘யாரால்?’ என்று நிழலாகத் தெரிந்திருக்கிறது. விற்பனை சரிந்தது, யாரால்? திட்டம் தள்ளிப்போனது, யாரால்? பெரிய அதிகாரிகளெல்லாம் நெளிந்தார்களாம். இதை அடக்க முடியாத சிரிப்போடு சொன்ன நாகராஜ் சட்டென்று நிறுத்திக்கொண்டார். காபி வந்தது. கொண்டுவந்தது வேறு ஒரு பெண். அனுமதி கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ரத்னம்மா எங்கே என்று கேட்டேன். செல்வி அக்காதான் சொன்னார். ரெஜிஸ்டரிலும் ‘சுத்தம்’, என் மெயிலிலும் ‘சுத்தம்’. விவேக் சனிக்கிழமை டியூட்டி பட்டியலைப் பார்த்திருக்கிறார். அந்தத் தளத்துக்கு நேராக ஒரே ஒரு பெயர்தான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரத்னம்மா எல்லோரிடமும் போய், தான் அந்த டி.வி.யைத் தொடவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். தொட்டது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. யார் பெயரையும் எழுதாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நாங்கள் பத்துப் பேரும் நம்பிவிட்டோம். காலியாக விட்ட இடத்தில் இருப்பதிலேயே கீழே இருந்தவரின் பெயரை விவேக் நிரப்பிக்கொண்டார். செல்வி அக்கா வெற்றுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பதினாறு வருடத்தில் ஒருவர் பெயரைக்கூட ரெஜிஸ்டரில் எழுதியிராதவர், நான் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்திலேயே கேட்டார்: “மே ஐ ரைட் யுவர் நேம், மேடம்?”

காத்திருந்த கேள்வி

ரத்னம்மாவைப் போல் அல்ல, செல்வி அக்கா பதிலுக்காக நின்றார். ‘வேண்டாம்’ என்று நான் சொல்லியிருந்தால் பேசாமல் திரும்பிப்போய் வேறு ஏதாவது குழாயைப் பற்றி எழுதியிருப்பார், அது எனக்குத் தெரியும். அவ்வளவு நாள் நான் ஒழிக்கப் பார்த்த வார்த்தை அன்றைக்கு என் வாயில் வந்தது. ‘யூ மஸ்ட்’ என்றேன். பிறகு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போனில் விவேக்குக்கு இன்னொரு மெயில் எழுதினேன். மூன்றே வரி, எழுதியதும் தேய்த்ததும் நான்தான் என்று. படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

விவேக் பரீட்சைத் தாள்களைப் பார்க்க வந்தார். செல்வி அக்காவின் தாளை எடுத்தார். முதல் வரியே ‘மாலதி மேடம் ரோட் ஆன் த டி.வி.’, அதாவது டி.வி. மேல் எழுதியது மாலதி மேடம். அடுத்த வரி, ‘ரத்னம்மா டிட் நாட் டச் இட்.’ அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிய டி.வி.யைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. என்னதான் இருந்தாலும் நல்ல அலுவலகத்தில் வளர்ந்தவர் அல்லவா? “திஸ் குட் ஹேவ் பீன் இன்ஃபார்ம்டு அர்லியர்.” முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்கலாமாம்.

ஐடி கார்டு

ரத்னம்மாவைத் திங்கட்கிழமையே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டு வாரம் கழித்து மெயில் வந்தது. அடுத்த அணிக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறதாம். யாரால் என்று நான் கேட்கவில்லை.

ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேட்டில் நாகராஜ், ‘ஐடி கார்டு மஸ்ட், மேடம்’ என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சிரித்தார். செல்வி அக்காவுக்குத் தனி மேஜை போட்டிருந்தார்கள். மேஜை மேல் பெயர்ப்பலகை, அதன் பக்கத்தில் புது ரெஜிஸ்டர். திறந்து காட்டினார். ‘செல்வி ப்ரோக் ஒன் கப்’ என்று முதல் பக்கத்தில் முதல் பதிவு. எக்ஸிக்யூட்டிவ் ஆன அன்றைக்கே கை தவறிக் கோப்பையைப் போட்டு உடைத்திருக்கிறார். ரத்னம்மா காபியோடு வந்தார், வழக்கம்போலக் கேட்டார், வழக்கம்போலப் பதிலுக்கு முன்னால் உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், தமிழில். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “அத்த விடுங்க மேடம். இனிமே எழுதறதுக்கு முன்னாடி என்னக் கூப்புடுங்க, எது போர்டு எது டி.வி.ன்னு நான் காட்டறேன்.”

ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதற்கு ஒரே எழுத்துதான், ஒரு கோடு இழுத்தால் முடிந்தது, அதை எழுத ஆங்கில வாத்தியாருக்கு ஒரு வாரமும் ஒரு செல்வி அக்காவும் தேவைப்பட்டார்கள்.