ஒரே பெயர்க்காரர்கள்

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் நான் கனடாவில், மிசிசாகாவில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் இடமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஒரு ஜெர்மன்காரர். அவருடைய குடும்பப் பெயருக்கு மாவரைப்பவன் என்று அர்த்தமாம். அதே பெயரில் ஒரு மந்திரி, ஒரு பந்தாட்டக்காரன், ஒரு பாடகி, ஒரு விஞ்ஞானி என்று அடுக்கிக்கொண்டே போவார்.

எங்கள் ஆட்களுக்குப் பெயரோடு ஒட்டி வருவது அப்பாவின் பெயர். ஆகையால் அவர்களெல்லாம் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டேன். "உங்கள் அப்பா லேசுப்பட்ட ஆளில்லை" என்று ஒருநாள் வாய்விட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர்கூட அவருக்குச் சொந்தமில்லையாம்.

என் தம்பி அப்போது வன்னியில் இருந்தான். சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மல்வேர்னில் நாங்கள் இருந்த வீட்டில் அம்மா போனை மடியிலேயே வைத்திருந்தார்.

சண்டை நின்று சில நாட்களில் வவுனியாவிலிருந்து, தெரிந்த ஒருவர் போன் பண்ணினார்.

"உம்மட தம்பியின்ர பேரும், அப்பான்ர பேரும் உள்ள பெடியன் ஒருத்தன் அகதி முகாமிலை நிக்கிறான். இந்த நம்பருக்கு எடும்."

அம்மா அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டு சாமிப் படத்துக்கு விளக்கேற்றப் போனார். நம்பரை அழுத்தினேன்.

"தம்பி, அண்ணை கதைக்கிறன்."

"எனக்கு அண்ணை இல்லையே" என்றது ஒரு புதுக்குரல்.

எங்கள் அப்பாவின் பெயர் யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. தம்பியின் பெயரும் அப்படித்தான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் பேசிய அந்தப் பெடியன் உயிரோடு நிற்கிறான் என்று அவன்மேலேயே ஆத்திரம் வந்தது. பொல்லாத ஆத்திரம். போனை வைக்கப் போனேன்.

"வைச்சிடாதேங்கோ அண்ணை. உங்கட தம்பி கடைசியா எங்கை நிண்டவர்?"

"மாத்தளனிலை."

"நானும் அங்கைதான் நிண்டனான். என்ர அம்மா செத்ததும் அங்கைதான்..."

 

அது தம்பி இல்லை என்று நான் சொல்வதற்குள் எங்கள் அம்மா வந்து என் கையிலிருந்த போனைப் பறித்துவிட்டார். லைன் ஒரே இரைச்சல்.

"சாப்பிட்டியோ, ராசா?" என்று கத்திக் கேட்டார்.

அவன் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஓம் அம்மா. சாப்பிட்டனான்."