குதிகால் சுவரில் படணும்

எங்கள் நைனா ஆட்களைக் காலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். முகத்தைப் பார்க்க அவரால் முடியாது. நாற்பது வயதுக்குள் முதுகெலும்பு முழுக்க ஒன்றாகக் கெட்டிப்பட்டு, முன்பக்கமாக வளைந்து, கழுத்தும் நிமிராமல் போய்விட்டது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செருப்பைப் பார்ப்பார். செருப்பு இல்லாதவர்களுக்குப் பாத வெடிப்பே போதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். யாராவது புதுச் செருப்பு வாங்கினால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்.

நிலத்தில் குனிந்து குனிந்து வேலை செய்ததால் வந்த வளைவு என்று ஊரே சொன்னது. அப்படியானால் நாற்று நடுகிற பொம்பளைகள் எல்லோரும் வளைந்திருக்க வேண்டுமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். பிறகு என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் காலையில் முதுகு பிடிக்க ஆரம்பித்ததும் அம்மா முடிவே கட்டிவிட்டாள். இந்த வீட்டில் நிலம் எப்படி ஆம்பளைக்குப் போகிறதோ அப்படித்தான் இந்த நோயும் போகிறது என்றாள். எனக்கு நிலத்திலும் பங்கில்லை, இதிலும் பங்கில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தம்பி மேல் எனக்கு உயிர். அவனும் நைனா மாதிரி செருப்பைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடிக்க வேண்டுமா என்று நினைத்து நினைத்துப் பயந்தேன். அம்மா தன் பங்குக்குப் பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் சொம்பு சொம்பாகப் பாலும் கொடுத்துப் பார்த்தாள். எலும்பு வலுவாகணுமாம். எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர் வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போடவும் பார்த்தோம். அந்தப் பெரியவர் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் ஒடியவில்லை, எதைக் கட்டுவது என்று அனுப்பிவிட்டார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, திருவள்ளூரில் குடித்தனம். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். தினமும் நாலு மணிக்கே எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, ஒன்பதரைக்குக் கடையில் இருப்பேன். மாமியார் வீட்டில் அதற்காக எனக்கு ஏக நல்ல பெயர். இவளை மாதிரி விடியறதுக்கு முன்னால் எழுந்திருக்கிற மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கடைக்கு ஒரு டாக்டர் வந்தார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். முதுகெலும்பு ஏன் இப்படி இறுகுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஆட்களைப் பார்க்கப் போகிறார், அதற்குக் கேள்வித்தாள் வேண்டும் என்றார். பிரதி எடுக்கிற மெழுகுத்தாளில் டைப் அடித்து ஸ்டென்சில் வெட்ட நான் உட்கார்ந்தேன். காலையில் எழுந்ததும் முதுகு விறைப்பாக இருக்கிறதா? நடமாடினால் குறைகிறதா? படுத்தே இருந்தால் அதிகமாகிறதா? விடிவதற்கு முன்பே வலியால் விழிப்பு வருகிறதா? ஒவ்வொரு வரியிலும் என் தம்பி.

கோர்ட்டுக் காகிதமே அடித்துப் பழகியவள் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆணா பெண்ணா என்று எழுத இடமே விடவில்லையே என்றேன். அது தேவையில்லை, இது ஆண்களுக்கு வருகிற நோய், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். எங்க அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. தம்பியைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். சேர்ந்துவிட்டால் எக்ஸ்ரே, மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் அவர் பொறுப்பு. இப்போதே பிடித்தால் வளையாமல் காப்பாற்றப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அளந்து பார்ப்பது என்றதும் எங்கள் புத்தி எங்கே போகும்? போலீஸ் வேலைக்கு மார்பு அளக்கிறார்களே, அந்த நினைப்புதான். டெஸ்ட் என்று ஒன்று வைத்தால் பாஸ் பண்ணணும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையே தம்பியை வரவழைத்தேன். ஞாயிறு காலை நாலு மணிக்கு எழுப்பி, முதுகில் எண்ணெய் தேய்த்து, குடம் குடமாக வெந்நீர் ஊற்றி, வலி மாத்திரை இரண்டு விழுங்க வைத்து, கோயில் குளத்தை மூன்று சுற்று நடத்தினேன். அவன் முனகினால் திட்டினேன். மூன்று சுற்றும் நானும் கூடவே நடந்தேன், அன்றைக்கு எனக்கே உடம்பு லேசாக இருந்தது.

எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் டாக்டர் தம்பியின் இடுப்புக்கு மேலே மையால் இரண்டு கோடு போட்டார். நடுவில் பத்து சென்டிமீட்டர். குனியச் சொன்னார். நல்ல முதுகு என்றால் அந்த இடைவெளி பதினைந்துக்கு நீளுமாம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிட்டது. மூச்சை இழுத்து மார்பையும் விரித்துக் காட்டினான். வலி இருக்கிறதா என்றால், அதெல்லாம் ஒன்றும் இல்லைங்க என்றான். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன். டாக்டர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இவருக்கு ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். நாங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் மைசூர்பாகு வாங்கினோம். என் முட்டாள்தனத்தை எங்கே போய்ச் சொல்ல!

மறுநாள் காலை தம்பியால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. சட்டைக்குள் கையை விடக்கூட நான் பிடித்துவிட வேண்டியிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாஸ் பண்ணவனுக்கு ஏங்கா இப்டி வலிக்குது?" என்றான்.

அந்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாத ஞாயிறு டாக்டர் வந்ததும் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். எண்ணெய், வெந்நீர், மாத்திரை, குளத்தைச் சுற்றியது, எதையும் விடவில்லை. முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்று அவரையே ஒரு பிடி பிடித்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த நோய்க்கு வெந்நீரும் நடையும்தான் முதல் வைத்தியமாம். கேட்காமலே வைத்தியத்தைப் பார்த்துவிட்டு, நோயைக் காட்ட வந்திருக்கிறோம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்று ராத்திரி ஊரிலேயே தங்கி, விடிந்ததும் வீட்டுக்கே வந்து பாயில் இருக்கிறபடியே அளப்பதாகச் சொன்னார். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அன்றைக்கே ஆள் அனுப்பி, தம்பியோடு நைனாவையும் அம்மாவையும் கடைசி பஸ்ஸில் வரவழைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு டாக்டரும் நர்ஸம்மாவும் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். நைனா டாக்டரின் ஷூவைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டர் கீழே உட்கார்ந்து, நைனாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளர்கிறது, முதுகு மணிகளைக் கட்டியிருக்கிற நார்கள் வீங்கிப் புண்ணாகி, ஆறும்போது எலும்பாக மாறிவிடுகிறது, ஏன் என்றுதான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். அம்மா இடையில் புகுந்து, அப்போ பிரண்டை என்றாள். எலும்பு இதுவரைக்கும் வளர்ந்தது போதும்மா என்றார் அவர்.

தம்பி அன்றைக்குச் சுத்தமாக பெயில். குனிந்ததில் பத்து சென்டிமீட்டர் பன்னிரண்டரைதான் ஆனது. ஆராய்ச்சிப் பேரேட்டில் அவன் பெயரை எழுதியதும் அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். பெயிலானதற்குக் கற்பூரம் ஏற்றிய வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த, நோய் இல்லாத ஒரு ஆள் வேண்டுமாம். அதற்கென்ன, நான் இருக்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

உள் அறையில் நர்ஸம்மா எனக்குக் கோடு போட்டார். குனிந்தேன். டேப்பைப் பார்த்தார். புடவைக் கட்டு இறுக்கமோ என்று தளர்த்திவிட்டு மறுபடி குனியச் சொன்னார். மூச்சை இழுக்கச் சொன்னார். அப்புறம் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசினார். என் பத்து சென்டிமீட்டர் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை. மார்பு விரிந்தது தம்பியுடையதைவிடக் குறைவு.

டாக்டர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகள் எனக்கு மனப்பாடம், நான் வெட்டிய ஸ்டென்சில்தானே. காலையில் விறைப்பா? ஆமாம். நடமாடினால் குறைகிறதா? ஆமாம். விடிவதற்கு முன்பே விழிப்பு வருகிறதா? அதற்கும் ஆமாம். நாலு வருஷமாக நாலு மணிக்கு நான் எழுந்தது சுறுசுறுப்பு இல்லை. அதற்கு மேல் படுத்திருக்க முடியாது, அவ்வளவுதான். பிள்ளை பெற்ற இடுப்பு அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவச்சி சொன்னாள், மாமியார் சொன்னார், நானும் சொல்லிக்கொண்டேன்.

"தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்கோ" என்று அம்மா வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்புறம் பயம். அடுப்படியில் என் மகள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவள் வளர்ந்து என் உயரத்துக்கு வந்தால் இவள் முகத்தை நான் பார்க்க முடியாதே என்று நினைத்தேன். அதுவரை தம்பிக்காகப் பயந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒனக்கு ஒரு காணி நெலம் குடுக்கல. இத்த மட்டும் குடுத்துட்டனே கண்ணு" என்றார்.

அடுத்த வாரம் டாக்டர் கடைக்கு வந்து புது ஸ்டென்சில் கேட்டார். ஆண் அல்லது பெண் என்று முதல் வரியிலேயே இடம் விட்டிருந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லாமல் விட நான் என்ன மகாத்மாவா, சொன்னேன். அவரும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

பிறகு தலையணையைத் தூக்கிப் பரண்மேல் போட்டோம். நானும் தம்பியும் பலகையில் மல்லாந்து படுத்தோம், மாத்திரை சாப்பிட்டோம், காலையில் உடற்பயிற்சி செய்தோம். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தோதாகத் தம்பி எங்களோடே தங்கிவிட்டான். நைனாவும் ஊருக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றிலும் கஷ்டமானது சுவரோடு நிற்பதுதான். குதிகால், இடுப்பு, பின்தலை மூன்றும் சுவரில் படணும். முதுகு வளைய ஆரம்பித்தவர்களுக்குத் தலை படாது. காலை ஒரு அங்குலம் முன்னால் நகர்த்திச் சாய்ந்துகொண்டால் பட்டுவிடும். ஆனால் அது ஏமாற்று.

அந்த வேலைக்கு நைனாவைவிடப் பொருத்தமான மேஸ்திரி கிடையாது. விடிந்ததும் எங்கள் முன்னால் வந்து, பார்க்க முடிந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு குதிகால்களும் அவர் பொறுப்பு. தலையை மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும்.

என் மகள் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். குனிய எனக்கு வராது, ஆனால் அவள் முகத்தை நிமிர்ந்துதான் பார்க்கிறேன். தம்பியும் செருப்பைப் பார்த்து யாரையும் அடையாளம் கண்டதில்லை. சுவரோடு நின்ற அந்த நாட்களில் ஒரு காலை, மழைக்காலம், உடம்பு இரும்பாக இருந்தது. தலை சுவரில் படவே மாட்டேன் என்றது.

"தல படுதா கண்ணு?" என்று நைனா கேட்டார்.

அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, படுது நைனா என்றேன்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப காலு ஏன் முன்னாடி வந்துகீது?" என்றார்.